காமிக்ஸில் மூளை ஆபரேஷன்: கத்தி சரி, கடிகாரம் தப்பு

மோட்டோகா முராகாமி வரைந்த 'ஜின்' என்ற ஜப்பானிய மங்காவைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. இன்றைய டோக்கியோவில் வேலை பார்க்கும் ஒரு நியூரோ சர்ஜன் காலம் தவறிப் போய் 1862-ஆம் ஆண்டின் எடோ நகரத்தில் விழுகிறார். டோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. அங்கே தலையில் அடிபட்டு ஒரு சாமுராய் நினைவு தப்பிக் கிடக்கிறார். ஸ்கேன் இல்லை, எலும்பைத் துளைக்க மின்சார டிரில் இல்லை, ரத்தம் ஏற்ற வழியும் இல்லை. தச்சு வேலைக்கு உள்ள உளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு அவர் அந்த மண்டையைத் திறக்கிறார், ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

முதல் தடவை படித்தபோது இதைக் கதைக்காகச் சேர்த்த சாகசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் என் சித்தப்பாவுக்கு ஏறக்குறைய அதே ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், வீட்டில் இருந்த காமிக்ஸ்களையும் மறுபடி எடுத்துப் புரட்டினேன். இப்போது என் கருத்து மாறிவிட்டது. நான் பார்த்த வரை, காமிக்ஸ் மூளை ஆபரேஷன்களில் மருத்துவத்துக்கு ரொம்ப நெருக்கமாக நிற்பது அந்த உளிக் காட்சிதான். அதற்குக் காரணம் உளியில் இல்லை, முராகாமி தேர்ந்தெடுத்த நோயில் இருக்கிறது.

நம் மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி டியூரா என்று ஒரு கெட்டியான உறை இருக்கிறது, அதற்கும் உள்ளேதான் மூளை. நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது. அந்த எலும்பின் உட்பக்கம் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும், அதில் ஒரு தமனி படுத்திருக்கும். அந்த இடத்தில் பலமாக அடிபட்டு எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிந்துவிடும். 'பொட்டில் அறைந்தாற்போல' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அந்த இடம்தான். கிழிந்த தமனியிலிருந்து வரும் ரத்தம் எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே தேங்கி, டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே பெருகும். மூளைக்குள் ஒரு சொட்டு ரத்தம்கூடப் போயிருக்காது. ஆனால் மண்டை எலும்பு விரிந்து கொடுக்காதே, அதனால் தேங்கும் ரத்தம் மூளையை ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பிக்கும், கடைசியில் மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும், அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு மருந்து என்ன? எலும்பில் துளை போட்டு ரத்தக்கட்டை வெளியே எடுத்து, கசியும் தமனியை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். மூளையைத் தொடவே வேண்டாம், பெரும்பாலும் டியூராவைத் திறக்கக்கூடத் தேவையில்லை, மைக்ரோஸ்கோப்பும் வேண்டாம். வேண்டியது வேகம் ஒன்றுதான். நேரம் தவறினால் ஆள் போய்விடுவார், நேரத்துக்குச் செய்தால் எழுந்து நடந்துவிடுவார். நியூரோ சர்ஜரியில் இப்படிச் சட்டென்று பலன் தெரிகிற ஆபரேஷன்கள் குறைவு. காமிக்ஸ் கதைக்கு ஒரு கெடு வேண்டும், ஒரு செயல் வேண்டும், உடனே ஒரு முடிவு வேண்டும். இந்த நோயில் உடம்பே அதே கடிகாரத்தில் ஓடுகிறது. அதனால்தான் அந்தக் காட்சி பொய்யாகாமல் நிற்கிறது.

உளியால் மண்டையைத் திறந்தால் பிழைப்பார்களா என்று யாராவது கேட்டால் பெரு நாட்டு மண்டையோடுகளைச் சொல்லலாம். இன்கா காலத்தில் உயிரோடு இருந்த மனிதர்களின் மண்டையில் கல்லாலும் உலோகத்தாலும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டைகளின் விளிம்பில் எலும்பு ஆறி வழவழப்பாகியிருக்கிறது, அதாவது ஆள் அதற்குப் பிறகும் பல காலம் வாழ்ந்திருக்கிறார். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்கா காலத்து மண்டைகளில் முக்கால்வாசிப் பேராவது பிழைத்ததற்கான அடையாளம் இருப்பதாகச் சொன்னது. டியூராவைக் கிழிக்காமல் நிறுத்தக் கற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். மயக்க மருந்துக்கும் ஜப்பானில் பழைய கதை உண்டு. ஹனாவோகா செய்ஷூ என்ற வைத்தியர் 1804-இல், மேற்கே ஈத்தர் வருவதற்கு நாற்பது வருடம் முன்பே, ஒரு மூலிகைக் கஷாயம் கொடுத்து மயக்கி மார்பகப் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்திருக்கிறார். அந்தக் கஷாயத்தின் முக்கியச் சரக்கு ஊமத்தை, நம் ஊரில் வேலியோரம் பூக்குமே அதே இனம்தான்.

சித்தப்பா கதையைச் சொல்கிறேன். ஸ்கூட்டரில் போனவர் மண்ணில் சறுக்கி விழுந்தார், தலையில் ஹெல்மெட் இல்லை. காதுக்கு மேலே லேசான வீக்கம், ரத்தம்கூட வரவில்லை. தானே எழுந்து வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், வீட்டுக்குப் போன் போட்டு "ஒண்ணும் இல்லைம்மா, சின்ன அடிதான்" என்று சித்தியிடம் பேசியும் இருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து வாந்தி. அப்புறம் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கண்ணின் பாப்பா விரிந்துவிட்டது. இப்படி நடுவில் ஆள் தெளிவாக இருக்கும் அந்த நேரத்தை மருத்துவர்கள் 'லூசிட் இன்டர்வல்' என்கிறார்கள். எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் ஏமாற்றிவிடும். டீ குடித்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? காமிக்ஸில் தலையில் அடிபட்டவர் உடனே சரிந்துவிடுவார், அல்லது ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்திலேயே சண்டைக்குக் கிளம்பிவிடுவார். இந்த ஒன்றரை மணி நேரத்தை நான் பார்த்த எந்தக் காமிக்ஸும் வரையவில்லை. கதைக்கு இதைவிடப் பதைபதைப்பான இடம் வேறு கிடைக்குமா?

சரி, மண்டையைத் திறப்பதற்கு வருவோம். காமிக்ஸில் அதிகம் வரும் தப்பு இங்கேதான் இருக்கிறது. பானை மூடியைத் தூக்குகிற மாதிரி தலையின் மேல்பாதியை வட்டமாக அறுத்துக் கழற்றி வைத்திருப்பார்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் முழு மூளையும் தெரியும். அது ஆபரேஷன் இல்லை, பிரேதப் பரிசோதனை. உயிரோடு இருக்கிறவருக்கு அப்படித் திறப்பதில்லை. வரைபவர்கள் பார்த்து வரையும் படங்கள் பெரும்பாலும் உடற்கூறியல் புத்தகத்திலிருந்தும் பிணவறையிலிருந்தும் வந்தவை என்பதால் அந்தத் தோற்றமே நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நிஜத்தில் எப்படி? முதலில் தலையை மூன்று கூர்முனைகள் உள்ள ஒரு கவ்வியில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்த முனைகள் தோலைத் தாண்டி எலும்பில் பதியும், தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. தலைத்தோலை அறுத்ததும் ரத்தம் தாராளமாக வரும், உடம்பிலேயே ரத்த ஓட்டம் அதிகமுள்ள தோல்களில் அது ஒன்று. காமிக்ஸில் பீறிட்டு அடிக்கும் ரத்தம் இந்த ஒரு கட்டத்துக்கு ஓரளவு பொருந்தும். வெட்டிய விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிளிப்புகளை மாட்டி அதை அடக்குகிறார்கள். அடுத்தது டிரில். எலும்பைக் குடைந்துகொண்டு போய் உள்பக்கத்தைத் தாண்டியதும் அது தானாகவே நின்றுவிடும், எதிர்ப்பு குறைந்த உடனே சுழற்சி அறுந்துபோகிற மாதிரி அதன் முனையைச் செய்திருக்கிறார்கள். அப்படிப் போட்ட துளையிலிருந்து இன்னொரு கருவியால் எலும்பை அறுத்துக்கொண்டே சுற்றி வந்து ஒரு துண்டைப் பெயர்த்து எடுக்கிறார்கள். ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு, பல ஆபரேஷன்களில் உள்ளங்கையைவிடச் சின்னது. அறுத்த எலும்பின் ஓரத்தில் ரத்தம் கசிந்தால் மெழுகைத் தேய்த்து அடைக்கிறார்கள். 1890-களில் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி கொண்டுவந்த முறை இது, அடிப்படைச் சரக்கு தேன்மெழுகு. இவ்வளவு நவீனக் கருவிகளுக்கு நடுவே தேன்மெழுகு இருப்பதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

டியூராவைத் திறந்தால் தெரியும் மூளை சாம்பல் நிறத்தில் இருக்காது. ரசாயனத்தில் ஊறவைத்த மூளைக்குத்தான் அந்த நிறம் வரும். உயிருள்ள மூளை இளஞ்சிவப்பு கலந்த சந்தன நிறத்தில், பளபளவென்று, மேலே சிவப்பும் நீலமுமாக ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும். அப்புறம் அது துடிக்கும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் லேசாக எழும்பி அடங்கும், மூச்சு உள்ளே போய் வரும்போது இன்னும் மெதுவாக ஏறி இறங்கும். வீக்கம் அதிகமாக இருக்கும்போது அந்தத் துடிப்பு காணாமல் போய்விடும், அழுத்தம் குறைந்ததும் திரும்பி வரும். ஓர் ஓவியரால் அசைவை வரைய முடியாது, ஆனால் காற்றின் அசைவுக்கும் கத்தி வீச்சுக்கும் கோடு போட்டுக் காட்டத் தெரிந்த கலை இது, இதற்கும் இரண்டு கோடு போடலாம்.

இன்னொரு விஷயம் கத்தி. காமிக்ஸ் அட்டையில் மூளைக்கு மேலே பளபளக்கும் ஸ்கால்பெல்லைப் பிடித்தபடி டாக்டர் நிற்பார். ஆனால் கத்தியின் வேலை பெரும்பாலும் தோலோடும் டியூராவோடும் முடிந்துவிடுகிறது. மூளைக்குள் போன பிறகு ஒரு கையில் உறிஞ்சும் குழாய், இன்னொரு கையில் பைபோலார் என்கிற, நுனியில் மட்டும் மின்சாரம் பாயும் இடுக்கி. சுட்டு, உறிஞ்சி, கழுவி, மறுபடி சுட்டு, மறுபடி உறிஞ்சி என்று மணிக்கணக்கில் போகும். தபால்தலை அளவுக்கு நறுக்கிய ஈரப்பஞ்சுத் துண்டுகளை மூளையின் மேல் பதித்து வைப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வால் இருக்கும், எதுவும் உள்ளே தங்கிவிடாமல் இருக்க நர்ஸ் ஒருவர் அதையெல்லாம் எண்ணிக்கொண்டே இருப்பார். ஹார்வி குஷிங் 1926-இல் பாஸ்டனில் மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்தும் கருவியை வைத்து, அதற்கு முன் எடுக்க முடியாமல் விட்ட ஒரு கட்டியை எடுத்தார். இந்தத் துறை திரும்பிய நாட்களில் அது ஒன்று. அதற்கு முன் மூளைக்கட்டியைத் தொட்டவர்கள் தோற்றதெல்லாம் பெரும்பாலும் ரத்தப்பெருக்கிடம்தான்.

மைக்ரோஸ்கோப் விஷயத்தில் காமிக்ஸ் தெரிந்தேதான் தப்புப் பண்ணுகிறது, அதற்கான காரணமும் எனக்குப் புரிகிறது. 1957-இல் அமெரிக்காவில் தியோடர் குர்ஸ் இந்தத் துறைக்குள் ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். 1960-களின் கடைசியிலிருந்து சூரிச்சில் காஸி யாசர்கில் அதை வைத்து இந்தத் துறையையே மாற்றி எழுதினார். இன்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு, அதாவது குழாயின் சுவர் பலூன் மாதிரி உப்பிய இடத்துக்கு, கிளிப் போட்டு அடைப்பது மாதிரியான வேலைகளை அது இல்லாமல் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஓவியர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டாக்டரின் வாயும் மூக்கும் ஏற்கெனவே முகமூடிக்குள் இருக்கின்றன, தலைமுடி தொப்பிக்குள். பயம், உறுதி, தயக்கம் எல்லாவற்றையும் காட்ட மிச்சமிருப்பது கண் மட்டும்தான். மைக்ரோஸ்கோப்பை வரைந்தால் அதுவும் போச்சு. அதனால் மைக்ரோஸ்கோப்பை எடுத்துவிட்டுப் புருவத்தில் ஒரு வியர்வைத் துளியை வைக்கிறார்கள். இந்தப் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன்.

கை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 1963-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், கார் விபத்தில் கை நரம்புகள் சேதமாகி ஆபரேஷன் செய்யும் தொழிலையே இழக்கிறவர். அது மருத்துவப்படி நடக்கக்கூடியதுதான். அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலிருந்து விரல்வரை போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், அதற்குள் விரல் தசை இளைத்துப்போகலாம். ஆனால் சர்ஜனின் கை கல் மாதிரி அசையாது என்கிற நம்பிக்கை இருக்கிறதே, அது சரியில்லை. எல்லாருடைய கையும் கொஞ்சம் நடுங்கும், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அது பெரிதாகவே தெரியும். அதற்காகத்தான் கைதாங்கி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு செய்கிறார்கள். கையை எடுக்கவே கூடாது என்று யாசர்கில் தன் மைக்ரோஸ்கோப்பை நகர்த்த வாயில் கடித்து இயக்கும் ஒரு சுவிட்சை வைத்திருந்தார். இது கதையில் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நிஜம்.

நம்ப முடியாத இன்னொரு நிஜம், நோயாளி விழித்திருக்கும்போதே செய்யும் ஆபரேஷன். பேய்க்கதை காமிக்ஸ்களில் கொடூரத்துக்காக இதை வரைவார்கள். மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கும் டியூராவுக்கும்தான் தெரியும், அவற்றை மரத்துப்போக வைத்துவிட்டால் நோயாளி பேசிக்கொண்டே இருக்கலாம். பேச்சுக்கான பகுதியை ஒட்டிக் கட்டி இருந்தால் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார்கள், மின்முனை தொடும் இடத்தில் பேச்சு நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் பல ஆண்டுகள் இப்படிச் செய்துதான் மூளையின் எந்தப் பகுதி உடம்பின் எந்த உறுப்பை ஆள்கிறது என்று வரைபடமே போட்டார். கொடூரமாகத் தெரிகிற அந்தக் காட்சி உண்மையில் நோயாளியின் பேச்சைக் காப்பாற்றச் செய்வது.

இனி நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்'. கதை 1986-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் தொடங்குகிறது, நாயகன் டென்மா ஒரு ஜப்பானிய நியூரோ சர்ஜன். தலையில் குண்டடி பட்டு வரும் ஒரு சிறுவனுக்கு ஆபரேஷன் செய்து காப்பாற்றுகிறார், கதை முழுக்க அதிலிருந்துதான் கிளம்புகிறது. படிக்காதவர்களுக்கு இதற்கு மேல் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. தலையில் குண்டு பாய்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தொடுவதில்லை. தொடுகிறவர்களுக்கும் குண்டு போன பாதைதான் விதி: ஒரு பக்கத்தோடு நின்றதா, நடுக்கோட்டைத் தாண்டியதா, மூளைத் திரவம் இருக்கும் அறைகளைக் கிழித்ததா என்று பார்க்க வேண்டும். பொதுவாகக் காமிக்ஸில் டாக்டர் குண்டை இடுக்கியால் எடுத்துத் தட்டில் 'டிங்' என்று போட்டதும் ஆள் பிழைத்ததாக அர்த்தம். முதல் உலகப் போரில் குஷிங் காயத்துக்குள் இருந்த எலும்புச் சில்லுகளையும் குண்டுத் துண்டுகளையும் பொறுமையாகச் சுத்தம் செய்து, பாதிக்கு மேல் இருந்த இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் பிற்காலப் போர்களின் அனுபவத்துக்குப் பிறகு, ஆழத்தில் கிடக்கும் துண்டைத் தேடிக்கொண்டு நல்ல மூளையைக் கிளறக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். எட்டாத குண்டை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு.

'மான்ஸ்டர்' இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. சிறுவனுக்கு முன்னால் ஒரு சம்பவம் வருகிறது. முதலில் வந்தவர் ஒரு துருக்கியத் தொழிலாளி, பின்னால் வந்தவர் புகழ்பெற்ற ஓபரா பாடகர். நிர்வாகம் பாடகரைக் கவனிக்கச் சொல்கிறது, டென்மா போகிறார், தொழிலாளி இறந்துபோகிறார், அவர் மனைவி வந்து கேட்கிறார். உரசாவா ஆபரேஷனின் நுணுக்கங்களைவிட இந்த வரிசைக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்குகிறார். யார் முதலில், எத்தனை நிமிடத்தில், யார் கையால் என்பதெல்லாம் மூளைக் காயத்தில் சிகிச்சைக்கு வெளியே உள்ள விஷயங்கள் இல்லை, அவையே சிகிச்சைதான். அதைப் புரிந்துகொண்டு வரைந்தவர் அவர். ஆனால் அவரும் ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களைச் சுருக்கிவிடுகிறார், தலையில் குண்டு பாய்ந்த ஒரு குழந்தை அவ்வளவு சீக்கிரம் நடமாடுவது கதைக்குத் தேவை, மருத்துவத்தில் ரொம்ப அபூர்வம்.

பெரிய பொய் இந்த 'அப்புறம்' என்ற இடத்தில்தான் இருக்கிறது. தலையில் தலைப்பாகைக் கட்டு, கண் திறக்கிறார், பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்கிறார், முடிந்தது. நிஜத்தில் மூளை வீக்கம் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது நாட்களில் கூடலாம். ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தவர்களுக்கு வெற்றிகரமாகக் கிளிப் போட்ட பிறகும் நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மற்ற ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரக்கூடும், அதற்காக மூன்று வாரம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுக்கிறார்கள். வலிப்பு, சோடியம் குறைவது, காய்ச்சல், குணம் மாறுவது. தன் பெயரையே மறந்து எல்லாரையும் அந்நியராகப் பார்ப்பது காமிக்ஸுக்குப் பிடித்த மறதி. நிஜத்தில் அதிகம் வருவது காலையில் சாப்பிட்டது நினைவில் இல்லாமல் போவது.

சித்தப்பா இருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞர் இருந்தார். அவர் தலைக்கட்டின் மேல் மார்க்கரால் பெரிதாக 'நோ போன்' என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் எலும்பு கிடையாது, திருப்பிப் படுக்கவைக்கும்போது அமுக்கிவிடாதீர்கள் என்று அர்த்தம். மூளை வீக்கம் அதிகமாக இருந்தால் எடுத்த எலும்பைத் திருப்பி வைக்காமல் தோலை மட்டும் மூடித் தைத்துவிடுவார்கள், வீங்குகிற மூளைக்கு இடம் வேண்டுமே. எடுத்த எலும்பை அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே ஒரு பை மாதிரி செய்து வைத்துத் தைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்து சில மாதம் கழித்து வயிற்றிலிருந்து எடுத்து மறுபடி தலையில் வைப்பார்கள். அவருடைய அம்மா சட்டையை விலக்கித் தடவிக் காட்டினார், தோலுக்கு அடியில் வளைவாக ஒரு விளிம்பு தெரிந்தது. "எம் புள்ள மண்ட ஓடு இங்க இருக்குதுப்பா" என்றார். எத்தனையோ விசித்திரக் காமிக்ஸ் படித்திருக்கிறேன், இப்படி ஒன்றை எதிலும் பார்த்ததில்லை.

ஒசாமு தெசுகாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் மருத்துவம் படித்தவர், 1961-இல் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினார். 1973-இல் தொடங்கிய அவருடைய 'பிளாக் ஜாக்' தொடரில் உறுப்புகளை வரைந்திருக்கும் விதத்திலேயே அந்தப் படிப்பு தெரியும். ஆனால் 1977-இல் வந்த ஒரு கதையில், பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுவனுக்கு மண்டையைத் திறந்து செய்யும் சிகிச்சையை 'லோபோட்டமி' என்ற பெயரில் நல்ல வைத்தியம் மாதிரிக் காட்டிவிட்டார். லோபோட்டமி என்பது மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டி மனநோயாளிகளை 'அமைதியாக்கும்' முறை. 1935-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கி 1949-இல் நோபல் பரிசும் வாங்கியது, பிறகு எத்தனையோ மனிதர்களை வெறும் கூடாக்கியது. ஜப்பான் மனநல மருத்துவர்களின் சங்கமே 1975-இல் அந்த வகை ஆபரேஷன்களை நிராகரித்துத் தீர்மானம் போட்டிருந்தது. இரண்டே வருடத்தில் சிறுவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில் அது நல்ல பெயரோடு வந்தால் எப்படி இருக்கும்? ஊனமுற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, பதிப்பகமும் தெசுகாவும் மன்னிப்பு வெளியிட்டார்கள், கதையும் பின்னால் மாற்றி எழுதப்பட்டது.

இதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். மைக்ரோஸ்கோப்பை விட்டுவிட்டு வரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, மண்டையை மூடிபோல் கழற்றினால்கூடப் படிப்பவர் கற்பனை என்று எடுத்துக்கொள்வார். ஆனால் எந்த நோய்க்கு எந்த வைத்தியம், செய்தபின் அந்த மனிதர் என்ன ஆவார் என்பதில் தப்பு நேர்ந்தால் அது வீட்டில் அப்படி ஒரு குழந்தையை வைத்திருக்கும் அம்மாவின் மனதில் போய் உட்கார்ந்துவிடும்.

சித்தப்பாவுக்கு ஆபரேஷன் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. டாக்டர் வெளியே வந்து "எடுத்தாச்சு, நல்லபடியா முடிஞ்சது" என்றார். காமிக்ஸாக இருந்தால் அதுதான் கடைசிக் கட்டம். எங்களுக்கு அங்கிருந்துதான் ராத்திரி ஆரம்பித்தது. ஐசியு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கையைக் கிள்ளிப் பார்த்தார், ஏட்டில் எண் எழுதிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு, ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு என்று ஒவ்வொரு தடவையும் அதே டார்ச், அதே குரல். நாலு மணிக்கு வந்தவர் "கையைப் புடிங்க பார்ப்போம்" என்று தன் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்தார். சித்தப்பாவின் விரல்கள் மெதுவாக மடங்கின. நர்ஸ் ஏட்டில் வேறு ஓர் எண்ணை எழுதினார், கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சித்தியைப் பார்த்துத் தலையாட்டினார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.